ஆறாத பல் குழி: வாயில் வரும் நிணநீர்ப் புற்றுநோயை அறிந்துகொள்வோம்



பல் பிடுங்கிய இடம் எத்தனை நாளில் ஆறும் என்று லயத்தில் யாரைக் கேட்டாலும் “ஒரு கெழமை, மிஞ்சினா பத்து நாள்” என்பார்கள். அது சரிதான். அந்த நாட்களுக்குள் ஈறு மூடத் தொடங்கிவிடும். நாற்பது நாளாகியும் மூடாமல், அந்தக் குழிக்குள்ளிருந்து சதை பொங்கிக்கொண்டு வந்த ஓர் அம்மாவைப் பற்றி இம்முறை எழுதுகின்றோம். எழுதலாமா என்று அவரிடமே கேட்டோம். “எழுதுங்க ஐயா, பேரும் தோட்டமும் மட்டும் வேணாம்” என்றார். ஆகவே இரண்டையும் இங்கே போடவில்லை.

அவர் கொழுந்து எடுப்பவர். வயது 46. மேல் ஈறில், வலது பக்கக் கடைவாயில் ஒரு வீக்கம் வந்தது. வலி பெரிதாக இல்லை. ஆனால் பல் இரண்டு ஆடத் தொடங்கின. டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக் குடித்தார், வீக்கம் இறங்கவில்லை. ஒரு நாள் கொழுந்து மடுவத்தில் எங்களைக் கண்டு வாயைத் திறந்து காட்டினார். நாங்களும் எட்டிப் பார்த்துவிட்டு, “பல்லு சூத்தையாத்தான் இருக்கும்மா, டவுன் ஆசுபத்திரியில பல்லுப் பகுதிக்குப் போங்க” என்று சொல்லி அனுப்பினோம். பல் பிடுங்கப்பட்டது. அது பல்லாகத்தான் இருக்கும் என்று சொன்ன வாய்களில் எங்கள் வாயும் ஒன்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

மாதம் ஒன்று கழிந்து திரும்பவும் வந்தார். “புடுங்கின எடம் ஆறலங்க ஐயா. சதை மாதிரி என்னமோ வளருது. வெத்தல போட்டதுக்குத் தண்டனைன்னு மாமியா சொல்லுது.”

அந்த மாமியாரைக் குறை சொல்ல முடியாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பொயிலை சேர்த்துப் போடுவதால் வாய்ப் புற்றுநோய் வரும் என்று நாங்களே எத்தனையோ தரம் பேசியிருக்கின்றோம். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன் வரிசையில் இருக்கின்றது. தோட்டங்களில் பெண்களும் பொயிலை போடுவதால் அவர்களுக்கும் அது வருகின்றது. பொயிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மென்றாலும் புற்றுநோய் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதில் ஒரு மாற்றமும் இல்லை. வெற்றிலைப் பையைக் கைவிடச் சொல்வதை நாங்கள் நிறுத்தப் போவதும் இல்லை.

ஆனால் இந்த அம்மாவுக்கு வந்தது அந்தப் புற்றுநோய் அல்ல.

நெறி கட்டுவதும் இந்த நோயும்

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா? பல் சூத்தை என்றால் தாடைக்குக் கீழே நெறி கட்டும். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. உடம்புக்குள் வரும் கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளைக் கலங்கள் தங்கும் காவல் குடில் என்று அதைச் சொல்லலாம். கழுத்து, கக்கம், தொடை இடுக்கு என்று பல இடங்களில் இவை உண்டு. தொண்டையைச் சுற்றியும், உண்ணாக்குக்குப் பக்கத்திலும், நாக்கின் அடியிலும் இதே வகைச் சதை வளையமாக இருக்கின்றது. வாயின் மேலண்ணத்திலும் ஈறிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் கூட இந்த வெள்ளைக் கலங்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும்.

இந்தக் காவல் கலங்களில் ஒன்று நெறி தவறி, கட்டுப்பாடின்றிப் பெருகினால் அதுவே நிணநீர்ப் புற்றுநோய். டொக்டர்மார் ‘லிம்போமா’ என்பார்கள். பெரும்பாலும் கழுத்திலோ கக்கத்திலோ கட்டியாகத்தான் வெளிப்படும். வாய்க்குள் முதலில் தோன்றுவது அபூர்வம். வாயில் வரும் புற்றுநோய்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால் அதில் இது மிகச் சிறிய பங்குதான். வெற்றிலை போடாதவருக்கும் வரும், சுத்தமாகப் பல் துலக்குபவருக்கும் வரும். யாருடைய குற்றத்துக்கும் தண்டனையாக வருவதில்லை.

அபூர்வம் என்றால் ஏன் நமது பத்திரிகையில் இத்தனை பக்கம் என்று கேட்பீர்கள். அபூர்வமாக இருப்பதுதான் இதில் உள்ள ஆபத்து. பல் டொக்டர் ஒருவர் தன் தொழில் காலம் முழுவதிலும் மிகச் சிலரிடம்தான் இதைக் காண்பார். அதனால் முதலில் பல் சீழ் என்றோ ஈறு நோய் என்றோ எண்ணி மருந்து கொடுத்துவிடுவது நடக்கக் கூடியதே. இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. எல்லா நாட்டு வைத்திய ஏடுகளிலும் இப்படிப் பல்லைப் பிடுங்கிய பிறகு தெரிய வந்த கதைகள் எழுதப்பட்டுள்ளன.

எதைக் கண்டு சந்தேகப்படுவது? வலி இல்லாமல் அல்லது கொஞ்ச வலியோடு ஈறிலோ மேலண்ணத்திலோ மெத்தென்று பொங்கும் வீக்கம். சூத்தை இல்லாமலே ஆடும் பல். ஒரு பக்கத்து உண்ணாக்குச் சதை மட்டும் பெருத்துப் போவது. கீழ் உதடும் நாடியும் காரணமில்லாமல் மரத்துப் போவது. இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, ஆனால் தாடை எலும்புக்குள் நரம்பு அழுத்தப்படுகின்றது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். பல் பிடுங்கிய குழி மூடாமல் இருப்பது. இவற்றோடு சிலருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், உடம்பு இளைத்துப் போவது, ராத்திரியில் உடுப்பு நனையும்படி வியர்வை. பனி விழும் தை மாதத்தில், கம்பளி போர்த்தாமலே ஒருவருக்கு ராத்திரியில் சட்டை பிழிகின்ற மாதிரி வியர்த்தால், அதை டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டும்.

இந்த அடையாளங்கள் பெரும்பாலும் வேறு சாதாரண காரணங்களால்தான் வருகின்றன. ஆகவே வாயில் புண் என்றவுடன் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. கணக்கு ஒன்றுதான்: எந்தப் புண்ணானாலும் வீக்கமானாலும், மருந்து எடுத்தோ எடுக்காமலோ, மூன்று கிழமைக்கு மேல் நின்றால் அதைப் பெரிய ஆசுபத்திரியில் காட்ட வேண்டும்.

“கத்தி வச்சா பரவிரும்”

ஆறாத அந்தக் குழியோடு அம்மாவை வாய், முகச் சத்திர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். அங்கே டொக்டர், “சின்னத் துண்டு சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்” என்றார். அம்மா எழுந்து வெளியே வந்துவிட்டார். பஸ் நிலையத்துக்கே போய்விட்டார். பின்னால் ஓடிப் போய்க் கேட்டால், “கட்டியில கத்தி வச்சா உடம்பு பூராவும் பரவிருங்க ஐயா. எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு” என்றார்.

இந்தப் பேச்சை நாங்கள் எல்லாத் தோட்டத்திலும் கேட்டிருக்கின்றோம். சித்தப்பாவுக்கு நோய் பரவியது உண்மையாக இருக்கும். ஆனால் கத்தி பட்டதால் பரவவில்லை. கத்தி படும் நேரத்தில் அது ஏற்கனவே முற்றியிருந்தது. கடைசி நேரத்தில் ஆசுபத்திரிக்குப் போகிறவர்கள் பரிசோதனை செய்த சில மாதத்தில் இறந்து போவதைப் பார்த்து, பரிசோதனையின் மேல் பழி விழுந்துவிட்டது. வாய்க் கட்டியில் இப்படித் துண்டு எடுப்பதால் நோய் பரவும் என்று பயந்து அதைத் தள்ளிப் போட வேண்டியதே இல்லை. பஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து இதைத்தான் அன்று ஒரு மணித்தியாலம் பேசினோம். கடைசியில் அவருடைய மகள்தான், “அம்மா, என்னா நோய்னே தெரியாம எப்புடி மருந்து தருவாங்க?” என்று ஒரு கேள்வி கேட்டு எழுப்பிவிட்டாள். நாங்கள் பேசியதெல்லாம் வீண். படித்த பிள்ளை, ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள்.

துண்டு எடுப்பதை ‘பயொப்சி’ என்பார்கள். மரத்துப் போக ஊசி போட்டு, பாசிப்பயறு அளவோ கொஞ்சம் பெரிதாகவோ சதை எடுத்து, தேவையானால் ஒரு தையல் போடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். எடுத்த துண்டை போமலின் என்னும் மருந்து நீர் நிரம்பிய போத்தலில் போட்டு ஆய்வு கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, மயிரிழையை விட மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றி, நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். லிம்போமா என்று சந்தேகம் வந்தால் அதோடு முடியாது. கலத்தின் மேல் என்ன அடையாளம் இருக்கின்றது என்று அறிய வேறு விசேட சாயங்களும் ஏற்ற வேண்டும். ‘சீ.டி. 20’ என்ற அடையாளம் அதில் முக்கியமானது. ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கின்றோம். வெறும் ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சொட்டு இந்த நோய்க்குப் பெரும்பாலும் போதாது. கலங்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டியிருப்பதால் துண்டாகவே வேண்டும். சில நேரம் முதல் துண்டில் விளங்காமல் இரண்டாம் தரமும் எடுப்பார்கள். அதைக் கேட்டுச் சலித்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீக்கம் இறங்கட்டும் என்று சிலர் கடையிலோ தெரிந்தவரிடமோ பிரெட்னிசலோன் குளிசை வாங்கிப் போடுகின்றார்கள். ஆஸ்துமாவுக்கு வீட்டில் மிஞ்சிய குளிசையையும் போடுவதுண்டு. லிம்போமா கலங்கள் இந்தக் குளிசைக்குக் கொஞ்சம் கரையும். வீக்கம் இறங்கும், நாமும் சந்தோஷப்படுவோம். ஆனால் பிறகு துண்டு எடுத்தால் அதில் நோய் தெளிவாகத் தெரியாது. சில கிழமையில் கட்டி திரும்பி வந்து நிற்கும். ஆகவே துண்டு எடுக்கும் முன் அந்தக் குளிசையைத் தானாகப் போடக் கூடாது. டொக்டர் எழுதித் தந்து ஏற்கனவே போட்டு வருகின்றவர்கள் தானாக நிறுத்தவும் கூடாது. போடுகிறோம் என்பதைத் துண்டு எடுப்பவரிடம் சொல்ல வேண்டும்.

ரிப்போட் எங்கே போனது?

மூன்று கிழமையில் முடிவு வரும், கடிதம் அனுப்புவோம் என்றார்கள். மூன்று கிழமை ஆனது, ஐந்து ஆனது. கடிதம் வரவில்லை. அம்மா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். “தகவல் இல்லன்னா நல்ல தகவல்தானுங்களே” என்றார். நாங்களும் வேறு வேலைகளில் மூழ்கிவிட்டோம். எட்டாம் கிழமை, சேமலாப நிதிப் படிவம் ஒன்றைத் தேடித் தோட்டக் காரியாலயத்துக்குப் போனபோது, அங்கே ஜன்னலோரம் கட்டி வைத்திருந்த தபால் கட்டில் அந்தக் கடிதம் கிடந்தது. உறையில் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டும். டிவிசன் இல்லை, லய இலக்கம் இல்லை. அந்தப் பெயரில் தோட்டத்தில் மூன்று பேர். யாருக்கென்று தெரியாமல் வைத்துவிட்டார்கள். ஐந்து கிழமையாக அங்கேயே கிடந்திருக்கின்றது. கடிதம் சிங்களத்தில். “உடனே வரவும்” என்று எழுதியிருந்தது.

லயத்து மக்களுக்குச் சொந்த விலாசம் இல்லாத குறை நூற்றாண்டுக் கணக்கில் இருக்கின்றது. வேலைக்குக் கூப்பிட்ட கடிதம் நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கையில் கிடைத்த பிள்ளைகளை நாம் அறிவோம். அதே குறை நோயாளிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை அன்றுதான் நாங்கள் நேரில் கண்டோம். அந்த ஐந்து கிழமையில் கட்டி கண்ணத்துக்கு வெளியே தெரியும்படி பெருத்துவிட்டது.

முடிவு: லிம்போமா. வாயில் அதிகம் காணப்படும் வகை, பெரிய பீ கலங்களால் ஆனது, வேகமாக வளர்வது. டொக்டர் சொன்ன அடுத்த வசனத்தை அம்மா நம்பவே இல்லை. “இதற்குத் தாடையை வெட்டத் தேவையில்லை. மருந்தால் கரைப்போம்.”

மருந்தால் கரையும் என்று கண்ட கதை

வெற்றிலையால் வரும் வாய்ப் புற்றுநோய்க்கு வெட்டி அகற்றுவதுதான் முதல் வழி. கதிர் சிகிச்சையும் சேரும். லிம்போமாவில் மருந்தே முதல் வழி. இந்த வித்தியாசத்தை உலகம் கற்றுக்கொண்டதில் ஆபிரிக்கக் குழந்தைகளின் தாடைக்கு ஒரு பங்கு உண்டு.

1957ஆம் ஆண்டு உகண்டா நாட்டின் கம்பாலா நகரில், முலாகோ வைத்தியசாலையில் டெனிஸ் பேர்கிட் என்ற அயர்லாந்து சத்திர சிகிச்சை நிபுணர் வேலை செய்தார். சிறு வயதில் விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். ஐந்து வயதுப் பையன் ஒருவனை அவரிடம் காட்டினார்கள். மேல் தாடை, கீழ்த் தாடை, இடம், வலம் என்று நான்கு பக்கமும் வீங்கி முகமே மாறிப் போயிருந்தது, பற்கள் ஆடின. கிருமியால் வந்த சீழ் என்றால் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வருமா என்று அவருக்குப் புரியவில்லை. சில கிழமைக்குப் பிறகு ஜிஞ்சா என்ற ஊரில் அதே மாதிரி முகத்தோடு இன்னொரு குழந்தையைக் கண்டார். அதன் வயிற்றிலும் கட்டிகள் இருந்தன. பழைய பதிவேடுகளைப் புரட்டினார். வெவ்வேறு நோய்கள் என்று எழுதப்பட்டிருந்தவை பல ஒரே நோய் என்று கண்டு 1958இல் எழுதினார். பின்னர் அது லிம்போமாவில் ஒரு வகை என்று தெரிந்தது. இன்று அதற்கு அவருடைய பெயர்தான்.

1961இல் இரண்டு டொக்டர் நண்பர்களோடு ஒரு பழைய மோட்டார் காரில் பத்துக் கிழமை, சுமார் 16,000 கிலோமீற்றர் சுற்றி, வழியில் உள்ள ஆசுபத்திரிகளில் எல்லாம் படத்தைக் காட்டி “இப்படிக் குழந்தைகள் வருகின்றார்களா?” என்று கேட்டார். வெப்பமும் மழையும் உள்ள தாழ்நிலங்களில் வருகின்றார்கள், குளிர்ந்த உயர் மலைகளில் இல்லை என்று தெரிந்தது. மலேரியா நுளம்பு உள்ள இடமும் இந்த நோய் உள்ள இடமும் ஒன்றாக இருந்தன. அவருடைய பேச்சை லண்டனில் கேட்ட அந்தனி எப்ஸ்டீன் என்பவர் அந்தக் கட்டிகளை வரவழைத்து ஆராய்ந்து, 1964இல் அச்சோங், பார் என்னும் இருவரோடு சேர்ந்து அவற்றில் ஒரு வைரசைக் கண்டார்.

நமக்கு வேண்டிய விஷயம் இனித்தான். குழந்தையின் தாடையை வெட்டினால் முகம் போகும், நோய் போகாது. கதிர் சிகிச்சை இயந்திரம் அப்போது அந்தப் பக்கத்தில் இல்லை. வேறு வழியின்றி பேர்கிட் மருந்து கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே சில குழந்தைகளின் வீக்கம் கரைந்து பழைய முகம் திரும்பியது. எல்லோரும் பிழைக்கவில்லை, பலருக்குத் திரும்பி வந்தது. ஆனால் சிலர் ஒன்றிரண்டு தரம் பெற்ற மருந்தோடு வருடக்கணக்கில் உயிர் வாழ்ந்தார்கள். அவர் பாவித்த மருந்துகளில் ஒன்று சைக்ளோபொஸ்பமைட். இந்த அம்மாவின் கிளினிக் கொப்பியிலும் முதல் வரியில் அதே மருந்துதான் எழுதியிருந்தது.

சிகிச்சை எப்படி நடக்கும்

முதலில் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கின்றது என்று பார்ப்பார்கள். சீ.டி. ஸ்கேன், இரத்தப் பரிசோதனைகள், இருதய ஸ்கேன், சிலருக்கு இடுப்பு எலும்பிலிருந்து மச்சை எடுத்தல். எச்.ஐ.வி. பரிசோதனையும் கேட்பார்கள். “என்னை என்னான்னு நெனச்சிட்டாங்க?” என்று கோபப்பட்டவர்கள் உண்டு. இது யாரையும் சந்தேகப்பட்டுச் செய்வதல்ல. வாயில் வரும் ஒரு வகை லிம்போமா எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதிகம் வருவதால் எல்லோருக்கும் செய்கின்றார்கள். ஈரல் அழற்சி ‘பீ’ கிருமிக்கும் பார்ப்பார்கள். அது உடம்பில் ஒளிந்திருந்தால் மருந்து ஏற்றும்போது விழித்துக்கொள்ளும்.

எந்த வகை என்பதில் எல்லாமே தங்கியிருக்கின்றது. மூக்கிலிருந்து மேலண்ணத்தைத் துளைத்துக்கொண்டு வரும் ஒரு வகை கிழக்காசிய நாடுகளில் அதிகம்; அதற்கு வேறு மருந்தும், ஆரம்பத்திலேயே கதிர் சிகிச்சையும் வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியில் மெல்ல வளரும் வகை ஒன்று உண்டு; அதற்கு அவசரம் குறைவு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மருந்தை ஏன் எனக்குத் தரவில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

அம்மாவுக்கு நான்கு மருந்துகள் சேர்ந்த சிகிச்சை, அதோடு ரிட்டக்சிமாப் என்ற ஊசி. நாங்கள் முன்னே சொன்ன சீ.டி. 20 அடையாளத்தைத் தேடிப் பிடித்துத் தாக்குவது இதுதான். 1997இல் அமெரிக்காவில் முதலில் அனுமதிக்கப்பட்டது. பழைய நான்கு மருந்தோடு இதைச் சேர்த்தால் அதிகம் பேர் பிழைக்கின்றார்கள் என்று பிரான்ஸ் டொக்டர்மார் 2002இல் காட்டினார்கள். இன்று இந்த வகை நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முழுக்கச் சுகமடைகின்றார்கள். இருபத்தொரு நாளுக்கு ஒரு தரம், ஆறு தரம். அரச வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் இல்லை. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும், கண்டி, பதுளை பெரிய ஆசுபத்திரிகளிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உள்ளன.

முதல் தரம் ஏற்றிப் பத்து நாளில் வீக்கம் பாதியாக இறங்கியது. மூன்றாம் தரம் ஆகும்போது அம்மா ரொட்டியைக் கிள்ளிச் சாப்பிட்டார். அதனால் எல்லாம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் கிழமையில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. மருந்துகளில் ஒன்று சிவப்பு நிறம். மறு நாள் சிறுநீர் சிவப்பாகப் போக, இரத்தம் என்று லயமே கூடிவிட்டது. அது மருந்தின் நிறம்தான், ஓரிரு நாளில் தெளியும். விரல் நுனி மரத்துப் போய்க் கொழுந்து கிள்ளுவது சில மாதம் கஷ்டமாக இருந்தது. வாய் முழுக்கப் புண். உப்புத் தண்ணீரில் அடிக்கடி கொப்பளித்து, காரம் இல்லாமல் கஞ்சியும் பருப்பும் அவித்த முட்டையும் சாப்பிட்டார். சம்பல் இல்லாத சோறு சாப்பாடா என்று ஒவ்வொரு நாளும் சண்டை.

பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: காய்ச்சல். மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை உடம்பில் காவல் கலங்கள் மிகக் குறைந்துவிடும். அந்த நாட்களில் வரும் சின்னக் கிருமி கூட ஆளைக் கொன்றுவிடலாம். காய்ச்சல் 100.4 பாகை, அதாவது சதம அளவில் 38ஐத் தொட்டால், பெனடோல் போட்டுப் படுத்திருந்து விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. அந்த நேரமே ஆசுபத்திரி. இரண்டாம் தரத்தில் அம்மாவுக்கு இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல் வந்தது. தோட்ட லொறி ட்ரைவரை எழுப்பி, கற்பாதையில் இறக்கிக் கொண்டு போனோம். ஊசி மூலம் கிருமிக் கொல்லி கொடுத்து ஆறு நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். காலை வரை பொறுத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று வாட்டு மிஸ்ஸி எங்களிடம் நேராகவே சொன்னார்.

கதிர் சிகிச்சை சிலருக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். இந்த அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. கொடுப்பதானால் அதற்கு முன்பே கெட்ட பற்களைச் சரி செய்துவிட வேண்டும். தாடைக்குக் கதிர் பட்ட பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். எத்தனை வருடம் சென்றாலும், பல் டொக்டரிடம் போகும்போது “எனக்கு வாயில் கதிர் வைத்திருக்கின்றது” என்று முதலில் சொல்ல வேண்டும்.

ஐந்து மாதத்தில் அவருக்குப் போன பேர் எத்தனை, குறைந்த சம்பளம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் மனம் கசக்கும். மூத்த மகள் தாய்க்குப் பதில் கொழுந்துக்குப் போனாள். மருந்து இலவசம்தான், ஆனால் ஒவ்வொரு தரமும் இரண்டு பேருக்குப் பஸ் காசு, சாப்பாடு, அதற்கும் மேலே அன்றைய இரண்டு பேர். நோயாளிக்குக் கிடைக்கக்கூடிய உதவித்தொகைக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம சேவகரின் கையெழுத்தும் டொக்டரின் கடிதமும் வேண்டும். சிகிச்சை தொடங்கும் கிழமையிலேயே அதைத் தொடங்குங்கள். நாங்கள் மூன்றாம் மாதத்தில்தான் தொடங்கினோம். அது எங்கள் பிழை.

சிகிச்சை முடிந்து இப்போது மூன்றாம் வருடம். முதல் இரண்டு வருடத்தில்தான் நோய் திரும்புவது அதிகம் என்பதால் ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக் போனார். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தரம். வெற்றிலையை விட்டுவிட்டார். மாமியார் விடவில்லை.

ஆசுபத்திரியில் விலாசம் கேட்டால் தோட்டத்தின் பெயரோடு நிறுத்த வேண்டாம். டிவிசன், லய இலக்கம், காம்பரா இலக்கம், அடையாள அட்டையில் உள்ள அதே எழுத்தில் முழுப் பெயர், புருஷன் அல்லது தகப்பன் பெயர், வீட்டில் ஒருவருடைய தொலைபேசி இலக்கம் ஆகிய அனைத்தையும் எழுதச் சொல்லுங்கள். சொன்ன நாளில் கடிதம் வராவிட்டால் காத்திருக்காமல் கிளினிக் கொப்பியோடு நேரே போய்க் கேளுங்கள். இப்போது ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் காரியாலயத்துத் தபால் கட்டைப் பார்க்கின்றோம். ஆசுபத்திரி முத்திரை உள்ள உறை இருந்தால், உடைக்காமல், அன்றைக்கே வீட்டில் கொண்டு வந்து தருகின்றோம். சிங்களத்தில் இருந்து நீங்கள் கேட்டால் வாசித்தும் சொல்கின்றோம்.